நாற்பத்தொரு வீட்டு வார்த்தை

வெள்ளிமலையில் கன்னியர் மடத்துப் பெண்கள் விடுதியில் செல்லியம்மாளுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். காகிதத்தில் உதவியாள் என்று இருக்கிறது. பெருக்குவாள், தண்ணீர் பிடிப்பாள், காய்ச்சல் கண்ட பிள்ளையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அதெல்லாம் எடுபிடி வேலை. அவளுடைய சொந்த வேலை பிள்ளை பிடிப்பது.

வருஷா வருஷம் மே மாதம் மலையில் ஊர் ஊராக நடப்பாள். பஸ் போகாத ஊர், ஜீப்பும் திணறுகிற ஊர் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்பாள். சொம்பைக் கீழே வைப்பதற்குள் அந்த வீட்டில் எத்தனை பெண் பிள்ளை, எது படிக்கிறது, எது மாடு மேய்க்கிறது, எதற்குக் கல்யாணப் பேச்சு ஓடுகிறது என்று கறந்துவிடுவாள். அப்புறம்தான் பேச்சே ஆரம்பமாகும். அழ மாட்டாள், கெஞ்ச மாட்டாள், படிப்பின் பெருமையைப் பாடவும் மாட்டாள். "பத்தாவது முடிக்கிற மட்டும் ஒம் பொண்ணு எம் பொறுப்பு. நடுவுல ஒருத்தரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. அடி கைய" என்று உள்ளங்கையை நீட்டுவாள். தாயோ தகப்பனோ அந்தக் கையில் அடித்துவிட்டால் முடிந்தது. மலையில் எழுத்துக்கு இல்லாத மதிப்பு அந்த அடிக்கு உண்டு.

அவளுக்கு மலை சொந்த ஊர் இல்லை. கீழே நைனார்பாளையத்தில் காணி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்பில் வகுப்புக்கே முதலாவதாக வந்தாள். அந்த வருஷம் சைக்கிளில் ஒரு கன்னியாஸ்திரி அவர்கள் தெருவுக்கு வந்தார். பெயர் தெரியாது, தெருவில் எல்லோருக்கும் அவர் சைக்கிள் சிஸ்டர்தான். இந்தப் பெண்ணை எங்கள் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம் என்று மூன்று முறை வந்து கேட்டார். "மரவள்ளிக் களை ஆவட்டும், அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார் அப்பா. சரி, அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் சிஸ்டர். அடுத்த வருஷம் அவர் வரவில்லை. மாற்றலாகிவிட்டாராம். அவர் இடத்துக்கு வந்தவருக்கு அந்தத் தெருவே தெரியாது. செல்லியம்மாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிலக்காரர் நாராயணசாமி காட்டில் களை வெட்டினாள், பன்னிரண்டு வருஷம் வெட்டினாள். மாற்றல் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் அவளுக்கு வாய் கசக்கும்.

புருஷன் ராசு கொத்தனாருக்குக் கையாள். விடுதிக் கட்டடம் கட்ட அவன் மலையேறியபோது இவளும் கல் சுமக்க வந்தாள். கட்டடம் முடிந்தது. பிள்ளைகள்தான் வரவில்லை. சிஸ்டர்கள் பிள்ளைகளை வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு புரளி, கப்பலேற்றி விற்றுவிடுவார்கள் என்று அதைவிடப் பெரிய புரளி. அப்போது மடத்துத் தலைவியாக இருந்தவர் சிஸ்டர் அமலோற்பவம். இந்தப் பெரிய குங்குமப் பொட்டுக்காரியைப் பார்த்து, "நீ போய்ச் சொன்னால் நம்புவார்களா, செல்லி?" என்று கேட்டார். போனாள். "நெத்தி நெறையப் பொட்டு வெச்சிக்கினு நானே அங்க சோறு துன்றேன். என்னிய எவன் கப்பல்ல ஏத்திட்டான்?" என்றாள். முதல் வருஷம் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். இருபத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் அதே பொட்டுதான். ஆடி மாதம் நைனார்பாளையத்துக் கூழ் ஊற்றலுக்கு லீவு போடுவாள். கிறிஸ்துமஸுக்கு மடத்தில் முறுக்குச் சுற்றுவதும் அவளேதான்.

சிஸ்டர் அமலோற்பவம் நடுவில் இரண்டு ஊர் மாறி, எழுபது வயதில் மறுபடி வெள்ளிமலைக்கே வந்து சேர்ந்திருந்தார். கன்னியர் வாழ்க்கை அப்படித்தான். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று சாமிக்கு மூன்று வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். மேலிடத்துக் கடிதம் வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

போன ஏப்ரலில் மேலிடமே நேரில் வந்தது. சபையின் மாநிலத் தலைவி மதர் பெர்னதெத், சின்னசேலத்தில் ரயிலிறங்கி ஜீப்பில் ஏறி வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மடத்துக்கும் வருவது வழக்கம். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் மதர் சிஸ்டர்களிடம் விஷயத்தைச் சொன்னார். மடத்தையும் விடுதியையும் மூடப் போகிறார்கள். பள்ளிக்கூடம் நடக்கும், வாத்தியார்கள் இருக்கிறார்கள். விடுதிதான் கிடையாது. சபையில் ஆள் இல்லை. முன்பு வருஷத்துக்கு இருபது பேர் நவகன்னியராகச் சேர்ந்த சபையில் இந்த வருஷம் சேர்ந்தது ஒரே ஒருத்தி. இருப்பவர்களில் பாதிப் பேர் முதியோர். ஆலோசனைக் குழு கூடித் தீர்மானம் போட்டாகிவிட்டது.

மதர் பொய் சொல்லவில்லை, கெட்டவரும் இல்லை. ஆனால் அந்தச் சபை ஒரு தப்புச் செய்தது. பிள்ளைகளின் பெற்றோருக்கு நாற்பத்தொரு கடிதம் அடித்து உறையில் போட்டு, எல்லா வீட்டுக்கும் வழி தெரிந்தவள் இவள் ஒருத்திதானே என்று, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிச் செல்லியம்மாள் கையில் கொடுத்தார்கள்.

அவள் படித்தது ஐந்தாவதுதான் என்றாலும் நன்றாகப் படித்த ஐந்தாவது. நின்ற இடத்திலேயே ஒரு உறையைப் பிரித்து முழுக்க வாசித்தாள். கட்டைத் திரும்ப மேஜைமேல் வைத்தாள்.

"இத நான் கொண்டுக்கினு போவ மாட்டேங்க."

"உன் வருத்தம் புரியுது, செல்லியம்மா" என்றார் மதர்.

"வருத்தமா? வருத்தம் யாருக்குங்க? எனக்குக் கோவம்."

விஷயம் தெரிந்ததும் ராசு வேலையைப் போட்டுவிட்டு வந்தான். "சும்மா இருடி. இருக்கிற வேலையும் பூடும், தங்கிக்கினு இருக்கிற வூடும் பூடும்" என்றான். "போவட்டுமே. கல்லு தூக்கத்தான வந்தோம்? இன்னும் மலையில கல்லு இருக்குது" என்றாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை, மதர் சிஸ்டர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற நேரம். அதுவும் சபையில் நெடுங்கால வழக்கம். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரும் மனதில் உள்ளதைச் சொல்லலாம், மதர் கேட்டே ஆக வேண்டும். வராந்தாவில் மூன்று நாற்காலியில் மூன்று சிஸ்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்லியம்மாள் சமையற்கட்டிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து நாலாவதாகப் போட்டாள்.

"செல்லி, இது சபைக்காரங்களுக்கு" என்று கிசுகிசுத்தார் சிஸ்டர் அமலோற்பவம்.

"நாப்பத்தியோரு வூட்ல கையடிச்சவ நானு. நீங்க உள்ள போயி இன்னா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? 'உங்கள் விருப்பம் மதர்'னு சொல்லிட்டுக் கண்ணத் தொடச்சிக்கினு வருவீங்க."

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தைந்து வருஷமாக அவர் சொல்லி வந்தது அதைத்தான். அன்றைக்கும் உள்ளே போய் அதையே சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்.

செல்லியம்மாள் முறை வந்தது. யாரும் கூப்பிடவில்லை. அவளே உள்ளே போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க சாமிக்கு வார்த்த குடுத்தீங்க. நல்லது, காப்பாத்துங்க. நான் குடுத்தது சாமிக்கு இல்லீங்க, சனங்களுக்கு. சாமி பொறுத்துக்கும். பொட்டப் புள்ளைக்கு வயசு பொறுக்காது."

மதர் சபையின் நிலைமையை மறுபடி பொறுமையாகச் சொன்னார். செல்லியம்மாளும் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் சைக்கிள் சிஸ்டர் கதையைச் சொன்னாள். வாழ்நாளில் யாருக்கும் சொல்லாத கதை. சொல்லும்போது குரல் உடைந்தது, அதற்காக அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"அந்தம்மா கெட்டவங்க இல்ல. மூணு வாட்டி வந்தாங்க. உங்கள மாதிரி ஒருத்தர் மாத்தல் போட்டாங்க, போயிட்டாங்க. கீழ்ப்படிஞ்சிட்டாங்க. அவங்க கீழ்ப்படிஞ்சதுக்குக் களை வெட்டினது நானு."

மதர் மேஜைமேல் இருந்த கடிதக் கட்டைத் தொட்டார். "யாராவது ஒருத்தர் போய்ச் சொல்லித்தானே ஆகணும், அம்மா?"

"நீங்களே வாங்க. வழி நான் காட்டுறேன். சொல்றது நீங்க. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இப்படி ஒரு வேலைக்காரி சொல்லி ஒரு மாநிலத் தலைவி கேட்பாரா என்று நீங்கள் நினைக்கலாம். மதர் பெர்னதெத் வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கூலி ஒருவரின் மகள். மறுநாள் விடிந்ததும் கான்வாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

ஜீப் போகிற மட்டும் போய், அப்புறம் நடை. புளி உலுக்குகிற காலம். முதல் வீடு பச்சையம்மாளுடையது. அவள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். மகள் தேவதர்ஷினி ஒன்பதாவது முடித்தவள், கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மதர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கடிதத்தில் இருந்ததை நல்ல தமிழில், குறைக்காமல் சொன்னார். பச்சையம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டுச் செல்லியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"இன்னாக்கா? நீ ஒண்ணும் சொல்லாம குந்திக்கினு இருக்கிற?"

"மதர் சொல்றாங்க. கேட்டுக்க" என்றாள் செல்லியம்மாள். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பச்சையம்மாள் சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் புளியை ஒதுக்கிவிட்டு, "அப்ப சரிங்க. இவங்கப்பா குடகுக்குத் தோட்ட வேலைக்குப் போறாரு. இவளும் போவட்டும், கூட ஒரு கை ஆச்சு" என்றாள். மழை வராது என்று சொன்னால் விதையை எடுத்து உள்ளே வைப்பார்களே, அந்த மாதிரிதான் சொன்னாள்.

தேவதர்ஷினி எழுந்து உள்ளே போய்ப் பழைய புத்தகக் கட்டோடு வந்தாள். "பத்தாவது புக்கு, மதர். போன வருசத்து அக்காகிட்ட வாங்கி வெச்சேன். யார்கிட்ட குடுக்கணும்?" மதர் அந்தக் கட்டை அவள் பக்கமே தள்ளினார். "வெச்சிரும்மா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது வீட்டிலும் அதே கதை. மூன்றாவது வீட்டுத் தமிழரசன் வாயாடி. நின்றபடியே கேட்டான்: "சிஸ்டருங்களுக்குக் கண்ட ஊருக்கும் மாத்தல் போடுறீங்களே. இந்த மலைக்கு ஒரே ஒரு ஆளுக்கு மாத்தல் போட முடியலீங்களா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?" அவன் பெண் தமிழ்மொழி கதவுக்குப் பின்னால் நின்று அழுதது வெளியே கேட்டது.

நாலாவது வீட்டுக்கு ஏற்றம். பாதியில் மதர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகாலில் தோல் வழன்றிருந்தது.

"இன்னும் எத்தனை வீடு?"

"முப்பத்தெட்டு."

"உனக்கு இரக்கமே இல்லையா, செல்லியம்மா?"

"இருக்குது. கம்மியா இருக்குது. அத அந்தப் புள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்" என்றாள். ஆனாலும் குனிந்து, தன் முந்தானையில் ஓரம் கிழித்து அந்தக் குதிகாலைக் கட்டினாள். கட்டிக்கொண்டே பேசினாள். "வருசா வருசம் சபை நாளுக்குப் புள்ளைங்க நாடகம் போடுதுங்களே. உங்க சபைய ஆரம்பிச்ச பெரிய மதர் கதை. நான்தான் ஆயருக்கு அட்டையில தொப்பி ஒட்டுறேன், பஞ்சு தாடி வெக்கிறேன். பிரான்சு தேசத்துல நெசவுக்காரப் பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் வெச்சாங்க. மூடுன்னு ஆயரு சொன்னாரு. பெரிய மதர் மூடலியே? படிக்கட்டுல குந்திக்கினாங்களே? எல்லாரும் கை தட்றீங்களே, மதர். நீங்க முன் வரிசையில குந்திக்கினு தட்னீங்க, நான் பார்த்தேன்."

மதர் கழற்றிய செருப்பை எடுத்து மண்ணைத் தட்டினார். "அந்த நாடகத்தில் பிற்பாதி கிடையாது. எங்களுக்குப் பயிற்சிக் காலத்தில் மட்டும்தான் சொல்லித் தருவாங்க. அவங்களைத் தலைமையிலிருந்து இறக்கிட்டாங்க. அவங்க ஆரம்பிச்ச சபையிலேயே இருபது வருஷம் சமையற்கட்டில் பாத்திரம் தேய்ச்சாங்க. அங்கேயே செத்தாங்க."

"அவங்க பாத்திரம் தேச்சப்ப அந்தப் பள்ளிக்கூடம் நடந்துச்சா, நடக்கலியா?"

"நடந்தது."

"அப்புறம் இன்னா? பாத்திரம் தேக்கிறது ஒரு கொறச்சலா? நான் இருவத்திநாலு வருசமாத் தேக்கிறேன்."

மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் முகம் மறுபடி வாடியது. "குழுவின் தீர்மானத்தை நான் தனியாக மாற்ற முடியாது. நீ தடுத்தால் உன்னை வேலையிலிருந்து நீக்கச் சொல்வாங்க."

"நீக்குங்க. நீக்கினா நான் உங்க ஆளு இல்ல. அதுக்கப்புறம் எனக்கு யாரு உத்தரவு போடுவாங்க? எந்திரிங்க, வெயில் ஏறுது."

நாலாவது வீடு காசியம்மாளுடையது. புருஷன் இல்லாதவள், ஆறாவது முடித்த ஒரே பெண் இலக்கியா. செல்லியம்மாளைப் பார்த்ததும் காசியம்மாள் ஓடி வந்தாள். "வாக்கா. பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டேன். போன வருசம் சோப்பு காணாமப் போச்சுன்னு அழுதுக்கினு வந்தா" என்று சின்னப் பித்தளைப் பூட்டைக் காட்டினாள். பிறகுதான் பின்னால் நொண்டிக்கொண்டு வந்த மதரைக் கவனித்தாள்.

மதர் கடிதத்தை எடுத்தார். உறையைப் பிரித்தார். வாய் திறப்பதற்குள் செல்லியம்மாள் முந்திக்கொண்டாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள்தான். மூன்று வீட்டுக்குத் தாங்கியது, நாலாவது வீட்டுக்குத் தாங்கவில்லை.

"பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்கு மொத நாளு புள்ளைய கூட்டிக்கினு வந்துடு, காசி. பூட்டுச் சாவி ரெண்டையும் குடுத்தனுப்பு. ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்."

காசியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் காகிதத்தோடு ஒரு பெரிய மதர் வீடு தேடி வந்திருக்கிறாரே, சும்மாவா வந்திருப்பார் என்று அவளுக்குச் சந்தேகம். "அக்கா சொல்றது நெசந்தானுங்களா, மதர்?"

செல்லியம்மாள் மதரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதர் கடிதத்தை நான்காக மடித்தார். "அவங்க சொன்னால் சரிதான்" என்றார்.

மற்ற வீடுகளுக்குப் போகாமல் இரண்டு பேரும் அங்கிருந்தே திரும்பினார்கள். பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு சிஸ்டர்களுக்கு மாற்றல். சிஸ்டர் அமலோற்பவம் மட்டும் இருப்பார், விடுதி இன்னும் ஒரு வருஷத்துக்கு மட்டும் நடக்கும். மதருக்குக் குழுவில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சிஸ்டர் அமலோற்பவம் கடிதத்தை வாசித்துவிட்டுச் சந்தோஷத்தில் ஜெபமாலையைத் தேடினார். செல்லியம்மாளுக்கு அந்த 'மட்டும்' பிடிக்கவில்லை. "அடுத்த ஏப்ரல்ல மறுபடியும் வரச் சொல்லுங்க. நடக்கலாம். நல்ல செருப்பாப் போட்டுக்கினு வரச் சொல்லுங்க" என்றாள்.

அதோடு விடவில்லை. மதர் வாயால் சேதி கேட்ட மூன்று வீட்டுக்கும் மறுபடி நடந்தாள். இரண்டாவது வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். தமிழரசன் அரை மணி நேரம் கத்திவிட்டு ஒத்துக்கொண்டான். முதல் வீடு பூட்டியிருந்தது. பச்சையம்மாள் புருஷனோடும் மகளோடும் குடகுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஜூனில் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். சிஸ்டர் அமலோற்பவம் வாசலில் நின்று எண்ணினார். நாற்பது. மற்ற வருஷங்களில் இத்தனை பேர் திரும்பி வந்தால் மடத்தில் பாயசம் வைப்பார்கள். சிஸ்டர் அன்றைக்கும் வைக்கச் சொன்னார். அப்போதுதான் செல்லியம்மாள் கட்டைப் பையோடு வெளியே வந்தாள். பையில் மாற்றுப் புடவையும் ஒரு செட் யூனிபாரமும் இருந்தன.

"எங்கே கிளம்பிட்டே?"

"குடகுக்கு. சேலம் போனா பெங்களூரு பஸ் இருக்குதாம். அங்கேந்து கேட்டுக்கினு போவேன்."

சேலத்துக்கு அப்பால் போனதே இல்லாதவள். சிஸ்டர் திகைத்துப் போனார். "எந்தத் தோட்டம்னு தெரியுமா உனக்கு? பாஷை தெரியுமா? செல்லி, நாற்பது பேர் வந்துட்டாங்க. ஒருத்திதானே?"

"நான் நாப்பது வூட்ல அடிக்கல சிஸ்டர்."

சிஸ்டர் அவள் கையைப் பிடித்து, "சரி. ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போ. பாயசம் கொதிக்குது" என்றார்.

செல்லியம்மாள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

"எடுத்து வைங்க. ரெண்டு பேரா வந்து சாப்புடுறோம்."